கத்தியை எப்போது எடுப்பது?

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்திருப்பதில் சந்தோஷம். ஓய்வு பெற்ற பிறகும் நடுராத்திரி டியூட்டி கனவில் வருகிறது என்று எழுதியிருந்தாய். எனக்குக் கனவுக்கெல்லாம் வழியில்லை, டியூட்டியே நேரில் வந்துவிடுகிறது.

நீ இருந்த துறையில் பயிற்சி டாக்டர்கள் ஆபரேஷன் பழகப் பெரிய சிமுலேட்டர் இயந்திரம் வாங்கலாமா என்று உன்னிடம் யோசனை கேட்டிருக்கிறார்களே, அதற்கு வருகிறேன். சின்னத் துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பிக்கு என்றால் தாராளமாக வாங்கட்டும். 2002-இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வு உனக்கு நினைவிருக்கும். கணினித் திரையில் பழகிவிட்டு வந்த பயிற்சி டாக்டர்கள் பித்தப்பையைப் பிரிக்கும் வேலையை 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள். தவறுகளும் வெகுவாகக் குறைந்தன. ஆனால் பித்தப்பை காத்திருக்கும். மூச்சு அடைத்தவன் காத்திருக்க மாட்டான்.

கழுத்தில் வெட்டி மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவதை எடுத்துக்கொள். வாய்வழியாக டியூபும் போகவில்லை, மாஸ்க்கிலும் ஆக்சிஜன் ஏறவில்லை என்றால் மிஞ்சுவது அது ஒன்றுதான். பணிக்காலம் முழுக்க அதை ஒருமுறைகூடச் செய்யாதவர்கள் நிறைய. ‘ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைச் சொல்லிக்கொடு’ என்று நமக்குச் சொன்ன கணக்கு இங்கே செல்லாது, பார்க்கவே கிடைக்காதே! அதனால் வெட்டிப் பழக ஒரு பொம்மை வேண்டும், சந்தேகமில்லை. செய்முறையும் சின்னதுதான். பிரிட்டனின் 2015 வழிகாட்டுதல்படி 10ஆம் எண் பிளேடு, டியூபுக்கு வழிகாட்டும் மெல்லிய குச்சியான பூஜி ஒன்று, 6 சைஸ் டியூப். ரப்பர் கழுத்திலோ பன்றியின் மூச்சுக்குழாயிலோ ஒரு மதியத்தில் கை பழகிவிடும்.

கை பழகிய பிறகும் கத்தியை எடுக்கத் தயங்குகிறார்கள், அதுதான் விஷயம். பொம்மையைக் கொடுத்து ‘போடு’ என்றால் மளமளவென்று முடித்துவிடுகிறார்கள். அதே ஆட்களை மறுநாள் நிஜம்போல ஒத்திகை நடக்கும் ஓர் அறைக்குள் விடுகிறோம். மானிட்டரில் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு, இறங்குகிறது. கூடவே ‘பீப்’ சத்தத்தின் சுருதியும் இறங்குமே, வயிற்றைப் பிசைய அது போதும். தலைமாட்டில் மூத்த மயக்க மருத்துவர் ஒருவர், “இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கிறேன்” என்று, தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பை விடாமல் நிற்கிறார். (அந்த வேஷம் என்னுடையது. கொஞ்சம் அதிகமாகவே ரசித்துச் செய்கிறேன்.) பயிற்சி டாக்டரின் கண் ட்ரேயில் இருக்கும் கத்திக்கும் என் முகத்துக்கும் போய்ப் போய் வருகிறது. சீனியரை மீறலாமா, அவசரக்குடுக்கை என்று பேர் வந்துவிடுமோ? எத்தனை விலை கொடுத்து வாங்கிய இயந்திரமும் இந்தத் தயக்கத்தைத் தொடாது. “டியூப் போகவில்லை, ஆக்சிஜன் ஏறவில்லை, கழுத்தில் வெட்டப்போகிறேன்” என்று உரக்கச் சொல்லப் பழக்குகிறோம். சொல்லிவிட்டால் மற்றவர்கள் தானாக விலகி இடம் விடுகிறார்கள். எதிர்பாராத லாபமும் ஒன்று உண்டு. முதல் முயற்சி தோற்றதுமே கழுத்து செட்டைப் பிரித்து வைத்துவிட்டால் என்ன என்று ஒரு நர்ஸ் கேட்டார். இப்போது நிஜ ஆபரேஷன் தியேட்டரிலும் அதுதான் வழக்கம்.

பொம்மையின் குறை, ரத்தம் வராது. நிஜத்தில் கீறிய கணமே ரத்தம் நிறைந்து ஒன்றும் தெரியாது. விரலால் தடவித்தான் போக வேண்டும். அதனால் கழுத்தின் மேல் துணியைப் போட்டுவிட்டுச் செய்யச் சொல்கிறேன். மார்பு பொம்மை வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனிக்கச் சொல். நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்து அழுத்தும் டென்ஷன் நியூமோதொராக்ஸில், அந்தக் காற்றை வெளியேற்றப் பெரியவர்களுக்கு ஊசி குத்தும் இடத்தை, விபத்துக் காயச் சிகிச்சைப் பாடமான ஏடிஎல்எஸ் 2018-இல் மாற்றிவிட்டது. முன்பக்கம் இரண்டாம் விலா இடைவெளி போய், பக்கவாட்டில் நான்காம் அல்லது ஐந்தாம் இடைவெளி வந்தது. பழைய பொம்மைகள் சிலவற்றில் முன்பக்கம் மட்டும்தான் ஊசி இறங்கும். அதில் பழகினால் பழைய பாடம்தான் கையில் ஒட்டும்.

ஆக, பணத்தை எல்லாம் இயந்திரத்தில் கொட்ட வேண்டாம் என்று சொல். கிழிந்தால் மாற்ற ரப்பர் தோல் நிறைய வாங்கட்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை எல்லோரையும் திரும்பப் பழக்க, மூத்தவர் ஒருவருக்கு டியூட்டியிலிருந்து நேரம் ஒதுக்கட்டும். இதற்குத்தான் நிர்வாகம் முகத்தைச் சுளிக்கும்.

அடுத்த மாதப் பயிற்சிக்கு ஒருநாள் நீயும் வாயேன். பிடிவாதக்கார சீனியர் வேஷத்தை உனக்கே விட்டுத்தருகிறேன். உனக்கு ஒத்திகைகூடத் தேவைப்படாது.

அன்புடன்,
உன் நண்பன்