தாவுல் ஆலயத்தில் இல்லாத ஓவியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பிரனீஸ் மலைப் பயணக் கட்டுரையில், ஸ்பெயினின் கட்டலோனியாவிலுள்ள தாவுல் கிராமத்து சாந்த் கிளிமென்ட் ஆலயத்தைப் பார்த்ததும் ஆசையோடு படித்தேன். படக்குறிப்புதான் நெருடியது. 'பீடத்துக்கு மேலே 900 ஆண்டுகளாக இருக்கும் கிறிஸ்து ஓவியம்' என்று போட்டிருக்கிறீர்கள். அந்த ஓவியம் அங்கே இல்லை. பார்சிலோனாவில், கட்டலோனிய தேசியக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டுரையாளர் ஆலயத்தில் கண்டது, 2013 முதல் வெறும் சுவர்மீது ஒளியால் விழவைக்கும் காட்சியாகத்தான் இருக்க வேண்டும்.

ஓவியம் இடம் மாறிய கதையைச் சொல்லாமல் விட்டதுதான் பெரிய குறை. அதே கட்டலோனியாவில் மூர் என்ற ஊர் ஆலயத்தின் சுவரோவியம் வியாபாரிகள் கைக்குப் போய், கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் முடிந்தது. மற்றவையும் போய்விடும் என்று பயந்த பார்சிலோனா அருங்காட்சியகக் குழு 1919 முதல் 1923 வரை மலை ஆலயங்களின் ஓவியங்களைக் கழற்றி எடுத்தது. ஓவியத்தின்மேல் பசை தடவித் துணி ஒட்டி, காய்ந்தபின் துணியை உரித்தால் வண்ணப்படலமும் கூடவே வந்துவிடும். இத்தாலியக் கைவினைஞர்கள் செய்த வேலை அது. அப்படி உரித்தும் வராத வண்ணத் துணுக்குகள் தாவுல் சுவரில் மிச்சம் இருக்கின்றன.

இதைக் கொள்ளை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த ஓவியத்தின் நீலம் பிரனீஸ் பகுதியிலேயே கிடைக்கும் ஏரினைட் என்ற கனிமத்திலிருந்து வந்தது. அந்த மலையின் நிறத்தை மலையிலிருந்தே பிரித்துவிட்டார்களே என்று சங்கடமாகவும் இருக்கிறது.

ஓவியம் போனதால் ஆலயம் வெறுங்கூடு ஆகிவிடவில்லை. ஆலயத்தை ஒட்டி நிற்கும் சதுரமான ஆறடுக்கு மணிக்கூண்டும், மரக்கூரையும், அதைத் தாங்கும் உருண்டைத் தூண்களும் அங்கேதான் இருக்கின்றன. ஆயர் (பிஷப்) ரமோன் கியெம் 1123 டிசம்பர் 10 அன்று ஆலயத்தை அர்ச்சித்தார், அதாவது வழிபாட்டுக்கென்று புனிதப்படுத்தினார் என்று தூண் ஒன்றில் வண்ணத்தால் எழுதிவைத்ததால்தான் நாளும் ஆளும் நமக்குத் தெரிகின்றன. மறுநாளே அதே கிராமத்தில் சாந்தா மரியா ஆலயத்துக்கும் அர்ச்சிப்பு! அந்தச் சின்ன மலையூரில், டிசம்பர் குளிரில், இரண்டு நாள் விருந்துக்கு யார் சமைத்தார்களோ. இவ்விரண்டும் சேர்த்து, தாவுல் இருக்கும் போயி பள்ளத்தாக்கின் ஒன்பது ரோமனெஸ்க் (இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணி) ஆலயங்களை 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. ஓவியம் போய் எழுபது எண்பது ஆண்டுகள் கழித்து, கட்டடங்களுக்காகக் கிடைத்த ஏற்பு.

அடுத்த இதழில் படக்குறிப்பைத் திருத்துங்கள். இடமிருந்தால் மணிக்கூண்டின் படம் ஒன்றும் போடுங்கள். நான்கு பக்கக் கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

இப்படிக்கு,
வாசகர்,
பாளையங்கோட்டை