மூடியைத் தேடி ஒரு நாள்: வீடு கட்டித் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொறியாளர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் வணக்கம்.

கட்டி முடித்த வீட்டை வாங்கிக் குடியேறிய ஆறாவது வருடம், கீழ்த்தளக் குளியலறையில் தண்ணீர் இறங்க மறுத்தது. கழிப்பறையில் ஃபிளஷ் செய்தால் குளியலறைத் தரையில் உள்ள துளை ‘களக் களக்’ என்றது. பிளம்பர் வந்தார், பார்த்தார், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “செப்டிக் டேங்க் எங்க இருக்கு?” எனக்குத் தெரியவில்லை. கட்டியவருக்குப் போன் செய்தேன். “பின்பக்கம்தான் எங்கேயாவது இருக்கும் சார்” என்றார். கடப்பாரையால் தரையைத் தட்டித் தட்டி, சத்தம் மாறும் இடத்தைக் காதால் கண்டுபிடித்து, நல்ல டைல்ஸை உடைத்து முடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கழிவை உறிஞ்சி எடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

தொட்டியின் மூடி வெளியே தெரிந்தால் அழகு கெட்டுவிடும் என்று வீட்டுக்காரர்கள்தான் சொல்கிறார்கள் என்பீர்கள். உண்மைதான், சொல்கிறோம். ஆனால் தூணுக்கு எத்தனை கம்பி போடுவது என்பதில் எங்கள் பேச்சையா கேட்கிறீர்கள்? “அது உங்களுக்குப் புரியாது சார், விடுங்க” என்று சொல்லும் அதே உரிமையோடு இதிலும் சொல்லியிருக்கலாம்.

நீங்கள் பெருமையாகச் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: “இந்த டேங்க் இருபது வருஷத்துக்கு நிரம்பாது.” கேட்டதும் மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அப்புறம்தான் புரிந்தது. ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டேங்க் புழக்கத்துக்கு வந்த சில நாட்களிலேயே நிரம்பிவிடும். எப்போதும் நிரம்பியேதான் இருக்கும். உள்ளே எவ்வளவு தண்ணீர் வருகிறதோ அவ்வளவு மறுபக்கம் வெளியேறும். நீர்மட்டம் வெளியேறும் குழாயின் அடிமட்டத்தில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் தொட்டி எங்கோ ஒழுகுகிறது. மேலே ஏறினால் வெளியேறும் வழி அடைத்திருக்கிறது. நிரம்பவே நிரம்பாத தொட்டி என்றால் பெரும்பாலும் அடித்தளத்தில் கான்கிரீட் போடாமல் விட்ட தொட்டிதான். நீங்கள் மிச்சப்படுத்திய சிமெண்டுக்குப் பதிலாக, பக்கத்துக் கிணற்றுக்கும் ஆழ்குழாய்க்கும் கழிவு நேராக வழி கண்டுகொள்கிறது.

தொட்டிக்குள் நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கனமானது அடியில் கசடாகப் படியும். எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடை கட்டும். நடுவில் ஓரளவு தெளிந்த நீர் நிற்கும். அந்த நடுநீர் மட்டும் வெளியேற வேண்டும் என்பதற்காகத்தான் உள்ளே வரும் முனையிலும் வெளியே போகும் முனையிலும் ஆங்கில T வடிவிலான ‘டீ’ குழாய் வைக்கிறோம். வரும் நீர் மேலாடையைக் கலக்காமல் கீழே இறங்கும். போகும் நீர் ஆடைக்கு அடியிலிருந்து எடுக்கப்படும். இந்த இரண்டில் ஒன்று உடைந்தாலோ கழன்றாலோ தொட்டி வெறும் பள்ளம்தான். ஆனால் எங்கள் வீட்டில் கிடைத்தது தொட்டியின் நடுவில் ஒரே ஒரு மூடி. அதன் வழியாக எந்த ‘டீ’யையும் பார்க்க முடியவில்லை, தொட முடியவில்லை. இரண்டு முனைக்கும் நேர் மேலே ஒவ்வொரு திறப்பு வையுங்கள். தொட்டி ஆழத்தில் இருந்தால் திறப்பைத் தரைமட்டம் வரை உயர்த்திவிடுங்கள். மூடி, குழந்தையால் நகர்த்த முடியாத கனத்தில் அல்லது பூட்டோடு இருக்கட்டும்.

திறக்க முடிந்தால்தான் அளக்க முடியும். நீளமான கம்பில் வெள்ளைத் துணியைச் சுற்றி, வெளியேறும் முனைக்கு அருகில் அடிவரை மெதுவாக இறக்கி எடுத்தால், கசடு எவ்வளவு உயரம் என்பது கருப்பாகத் தெரிந்துவிடும். கசடும் ஆடையும் சேர்ந்து தொட்டியில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துவிட்டால் எடுக்கும் நேரம் வந்துவிட்டது. பொதுவாக 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை. ஆட்கள் அதிகம், தொட்டி சிறியது என்றால் இன்னும் சீக்கிரம். பாக்டீரியா பவுடர் போட்டால் எடுக்கவே வேண்டாம் என்று விற்கிறார்கள். நம் கழிவோடு தினமும் உள்ளே போகும் பாக்டீரியாவே போதும்; எந்தப் பவுடரும் கசடை எடுக்கும் வேலையைச் செய்துவிடாது.

எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? இதைத்தான் வீட்டுக்காரரிடம் யாரும் சொல்வதில்லை. கசடு நடுநீரோடு கலந்து, தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். தொட்டியைக் காலி செய்து சரிசெய்துவிடலாம். அடைத்துப்போன மண்ணை அப்படிச் சரிசெய்ய முடியாது. பெரும்பாலும் வேறு இடம் தேடி மறுபடி தோண்ட வேண்டியதுதான். அந்த வேறு இடத்திலும் நீங்கள் கார் நிறுத்த சிமெண்ட் போட்டிருப்பீர்கள்! உறிஞ்சும் மண்ணுக்கு மேல் வண்டி ஏறினால் மண் இறுகிவிடும், மரம் வைத்தால் வேர் குழாய்க்குள் புகும். மொட்டை மாடி மழைநீரையும் சிலர் தொட்டியிலேயே இணைத்துவிடுகிறார்கள். ஒரு பெருமழையில் அத்தனை கசடையும் கலக்கி வெளியே தள்ள அது ஒன்றே போதும்.

எங்கள் பங்கையும் மறைக்கவில்லை. ஈரத் துடைப்புத் தாள் (வெட் வைப்ஸ்), நாப்கின், மீந்த எண்ணெய், காலாவதி மருந்து, பெயிண்ட் என்று கண்டதையும் உள்ளே தள்ளுகிறோம். ஒழுகும் ஃபிளஷ் டேங்க்கை மாதக்கணக்கில் அப்படியே விடுகிறோம். அந்தத் தண்ணீர் ராத்திரி பகலாகத் தொட்டிக்குத்தான் போகிறது. சாவி கொடுக்கும் நாளில் மோட்டார் சுவிட்சைக் காட்டும்போது இதையும் இரண்டு நிமிடம் சொல்லிவிட்டால் பாதிப் பேராவது கேட்போம்.

ஒன்றை மட்டும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்: எதற்காகவும் யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. உள்ளே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லை என்று இறங்கியவரும், அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்தே சாகிறார்கள். வெளியிலிருந்தே எல்லா வேலையும் செய்யும்படி திறப்பு வைப்பது ஓர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

நான் கேட்பது ஒரே ஒரு தாள். தொட்டி எங்கே, எத்தனை அறை, உள்ளளவு என்ன, மூடிகள் எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி, குழாய் எந்தப் பக்கம் போகிறது, உறிஞ்சு குழி எங்கே. கையால் வரைந்தாலும் போதும். குழி மூடப்படும் முன் செல்போனில் நான்கு படம் எடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

எங்கள் வீட்டுத் தாளை நானே வரைந்து, மின்சாரப் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். கடைசியாகக் கழிவு எடுத்த தேதியும் அதில் இருக்கிறது. ‘உறிஞ்சு குழி’ என்ற கட்டம் மட்டும் இன்னும் காலி. அதைத் தோண்டியவர் உங்களில் யாராவது இருந்தால், ஒரு வார்த்தை சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டைல்ஸை உடைத்த ஒரு வீட்டுக்காரன்