சதுர அடிக் கூலியும் ஆத்தங்குடிக் கல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் 32 வருஷமாகத் தச்சு வேலை செய்கிறேன். நிலை, கதவு, மச்சுப் பலகைதான் என் தொழில். பழைய வீடுகளைப் பழுது பார்க்கும்போது தரைக் கல்லையும் பெயர்த்துக் கொடுப்பேன்.

போன மாசியில் பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக்கு நிலை இறக்கப் போயிருந்தேன். அங்கே இரண்டாம் கட்டுத் தரையை மாற்றும் வேலையை வேறொருவர் காண்டிராக்ட் எடுத்திருந்தார். நான் போனபோதே பிரேக்கர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அத்தனை ஆத்தங்குடிக் கல்லும், அதாவது ஆத்தங்குடி ஊரில் கையால் செய்கிற வண்ணத் தரைக் கல்லும், ஜல்லியாகிவிட்டது. சுவரடியில் வரிசையாக ஒட்டியிருந்த ஜப்பான் பூ ஓடும் அதோடு போயிற்று. வீட்டுக்கார ஆச்சி ஒரு துண்டை எடுத்து முந்தானையால் துடைத்துப் பார்த்துவிட்டு, “முழுசா ஒண்ணுகூட வராதா ஆசாரி?” என்று கேட்டார்கள். வந்திருக்கும் ஆச்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

மெஷின் ஓட்டிய பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ அவ்வளவு லாபம். கல் முழுசாக வந்தாலும் உடைந்தாலும் கூலி ஒன்றுதான். அப்படியிருக்க யார் உட்கார்ந்து நெம்புவார்கள்?

நெம்பி எடுக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு முழ நீளத்தில் தட்டையான பாரை போதும். ஒரு முனை உளி மாதிரி மெலிந்திருக்கும். இன்னொரு முனை வளைந்து, நடுவில் ஆணி பிடுங்குகிற பிளவோடு இருக்கும். கூட ஒரு சுத்தியல், இரண்டு மரத்துண்டு, நாலைந்து ஆப்பு. நான் வைத்திருக்கும் பாரை என் மாமா கொடுத்தது.

ஆத்தங்குடிக் கல் சூளையில் வெந்த கல் இல்லை. கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, பின்னால் சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துப் பதமாக்குவது. கண்ணாடியில் படிந்து வந்ததால்தான் முகத்தில் அந்தப் பளபளப்பு. ஓரத்தில் அழுத்தினால் மூலை உதிர்ந்துவிடும். அதனால் பாரை கல்லைத் தொடவே கூடாது, கல்லுக்குக் கீழே இருக்கும் காரைக்குள்தான் போக வேண்டும். பழைய வீடுகளில் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை. அது கல்லைவிட மெத்தென்றிருக்கும், பொறுமையாகக் கொடுத்தால் விட்டுக்கொடுக்கும். பின்னாளில் சிமெண்டில் பதித்த தரை அப்படி வராது. தட்டிப் பார்த்தால் ஓரளவு தெரியும்: பொள்ளலாகச் சத்தம் வந்தால் கல் அடியில் விட்டிருக்கிறது. கெட்டியாகச் சத்தம் வந்தால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன், பாதிகூட மிஞ்சாது என்று.

ஏற்கெனவே உடைந்த கல் ஒன்றை வாசல் ஓரத்திலோ மூலையிலோ பார்த்துக்கொண்டு அங்கிருந்து தொடங்க வேண்டும். அப்படி ஒன்று இல்லையென்றால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு கல்லைப் பலி கொடுக்கத்தான் வேண்டும். அந்தப் பள்ளத்தில் இறங்கி, பக்கத்துக் கல்லின் அடிக்காரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, பாரையைப் படுத்தவாக்கில் நுழைத்து, கீழே மரத்துண்டு முட்டுக் கொடுத்து நெம்புவேன். ஒரே இடத்தில் பலம் கொடுத்தால் விரிசல் விழும். நாலு பக்கமும் மாற்றி மாற்றி, ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் அளவு. எடுத்த கல்லைப் படுக்க வைத்து அடுக்காமல், முகத்தோடு முகம் சேர்த்து, நடுவில் காகிதம் வைத்துச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். போன வருஷம் ஒரு முகப்பில் இப்படி 140 கல் எடுத்தேன். 11 கல்தான் உடைந்தது. நாலு நாள் ஆயிற்று.

மர வேலையில் இன்னும் நிதானம் வேண்டும். நிலை ஓரத்துச் சட்டம், சுவரடிப் பலகை எல்லாம் பர்மாத் தேக்கு. நூறு வருஷமானாலும் உளுக்காத மரம். அதை மெஷின் காரனும் உடைக்க மாட்டான், பெரிய கடப்பாரையால் ஒரு இழு இழுப்பான். ஆணி இருக்கிற இடத்தில் வாயைப் பிளந்துகொண்டு வரும். முதலில் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் கத்தியால் ஒரு கோடு கீற வேண்டும். கீறாமல் விட்டால், பெயிண்ட் ஒட்டியிருக்கிற இடத்தில் சுவர்ப் பூச்சும் சேர்ந்து பெயர்ந்துவிடும். அப்புறம் முனையில் ஆரம்பித்து, ஆணிக்குப் பக்கத்தில் பாரையைக் கொடுத்து, சுவர் பக்கம் ஒரு சில்லு வைத்து, கொஞ்சம் இளகியதும் ஆப்பைச் செருகிவிட்டு அடுத்த ஆணிக்கு நகர வேண்டும். கழற்றிய பிறகு ஆணியை முன்பக்கமாகத் தட்டி எடுக்காதீர்கள், முகம் சிதறும். பின்பக்கமாகக் கொறட்டால் இழுத்துவிடலாம். ஒவ்வொரு துண்டின் முதுகிலும் எந்த அறை, எந்தப் பக்கம் என்று பென்சிலால் எழுதிவைத்தால் திரும்பப் பொருத்துகிறவன் உங்களை வாழ்த்துவான்.

முகத்தில் மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, கையுறை கட்டாயம் வேண்டும். காரைத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் உலர்ந்த பெயிண்டைத் தேய்க்காமல் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. வெளிநாட்டுக்காரர்கள் கானாடுகாத்தானுக்கு வந்து தரையைக் குனிந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். வீட்டுக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: பழைய தரையும் சட்டமும் எடுக்கிற வேலையைச் சதுர அடிக் கணக்கில் விடாதீர்கள். நாள் கூலியாகப் பேசுங்கள், ஒப்பந்தத் தாளில் “கையால் பெயர்த்து எடுக்க வேண்டும்” என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கூலி கூடத்தான் ஆகும். ஆனால் முழுசாக வந்த கல்லையும் தேக்கையும் அதே வீட்டில் இன்னொரு அறைக்குப் பதிக்கலாம், இல்லையென்றால் காரைக்குடியில் விற்கலாம். கூலிக்குப் பாதி அதிலேயே வந்துவிடும் என்பது என் அனுபவம். பங்காளிகள் சேர்ந்து வீட்டை இடிக்கத் தீர்மானித்திருந்தாலும் இது பொருந்தும்.

மெஷினைக் கூப்பிடுவதற்கு முந்தின நாள், கைவேலை தெரிந்த ஓர் ஆசாரியையோ கொத்தனாரையோ வரச்சொல்லி, அறை அறையாக நடந்து தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளத்தூர்ப் பக்கமென்றால் நான் வருகிறேன். பார்த்துச் சொல்வதற்குக் கூலி வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு தச்சுத் தொழிலாளி,
பள்ளத்தூர்.