கரூ வழியா கேப்டவுன் போறவங்க ராத்திரி எங்க தங்குறது? டர்பன்ல இருந்து ஒரு லெட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல வந்த தென்னாப்பிரிக்கா கார் பயணக் கட்டுரை இங்க டர்பன்ல எங்க வாட்ஸ்அப் குரூப் பூரா சுத்திச்சு. போட்டோ எல்லாம் அருமை, குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா ஜோகன்னஸ்பர்க்ல கிளம்பினா நடுவுல எங்கயாச்சும் ஒரு ரூம் போட்டுக்கலாம், இல்ல ரெண்டு பேர் மாத்தி மாத்தி ராத்திரியோட ராத்திரியா ஓட்டி ஹோட்டல் காச மிச்சம் பண்ணலாம்னு போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தீங்க பாருங்க, அந்த வரிக்காகத்தான் இந்த லெட்டர். டிசம்பர் லீவுக்கு ஊர்ல இருந்து வர்ற மச்சான், சித்தப்பா எல்லாம் அத போன்ல சேவ் பண்ணிட்டு வந்து "பேப்பர்லயே போட்டிருக்கானே"ன்னு நம்மகிட்ட வாதாடுவாங்க.

ஜோகன்னஸ்பர்க்ல இருந்து கேப்டவுனுக்கு என்1 ரோட்டுல சுமார் 1,400 கிலோமீட்டர். ப்ளூம்ஃபான்டைன் 400-ல வரும், கோல்ஸ்பெர்க் 620 சொச்சத்துல, அதத் தாண்டினா கரூ, அதாவது பாதி பாலைவனம், அந்தப் பக்கம் மலை இறங்குற வரைக்கும் அதேதான். ரோடு நல்ல ரோடுதான், 120-ல போலாம், அதுலதான் ஆபத்தே இருக்கு, வளைவு இல்ல, ஊர் இல்ல, கண்ணுக்கு எட்டுன தூரம் ஒரே கோடு, சாப்பிட்டதும் கண்ணு சொக்கும். என்1 மேல கரூவுக்குள்ள இருக்குற ப்யூஃபர்ட் வெஸ்ட் ஊர்ல இருந்து ஆபர்டீன் போற ஆர்61 ரோட்டுல ஒரு எடத்துல ஸ்பீட் பாக்குறது பத்தாதுன்னு இந்தக் கேமராவுக்கும் அந்தக் கேமராவுக்கும் நடுவுல எவ்ளோ நேரத்துல வந்தன்னு சராசரி கணக்கு போட்டு ஃபைன் போடுறாங்க, அந்த அளவுக்கு அங்க உயிர் போயிருக்கு. பொழுது சாஞ்சிட்டா இன்னொரு தொல்லை, குடுன்னு ஒரு மான், மான்னு சொன்னா நம்ம புள்ளிமான நெனச்சிடாதீங்க, பெரிய கெடான்னா 200 கிலோவுக்கு மேல, வேலி எல்லாம் அதுக்கு ஒரு தாவல்தான், ஹெட்லைட் வெளிச்சத்துல மிரண்டு நேரா கண்ணாடி மேலயே வந்து விழும். எதிர்ல வரிசையா லாரி வேற. இங்கயே பொறந்து வளந்தவங்க இருட்டுல அந்த ரோட்டுல ஓட்ட யோசிப்பாங்க, ஊர்ல இருந்து வந்து புதுசா வாடகைக் கார் எடுத்தவர ராத்திரில ஓட்டச் சொல்றது நியாயமா?

அதனால நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். எத்தன கிலோமீட்டர்ல பாதி வருதுன்னு பாத்து ரூம் போடாதீங்க, வெளிச்சம் இருக்கும்போதே எந்த வாசல்ல போய் நிப்பீங்கன்னு பாத்து போடுங்க. மொதல்ல தங்குற எடம், அப்புறம்தான் கிளம்புற நேரம், இங்க முக்கால்வாசி பேரு இத தலைகீழா பண்றாங்க. வீட்ட விட்டு பத்து மணிக்குக் கிளம்பிட்டு, ஆப்புல மலிவா ரூம் கெடச்சதுன்னு 900 கிலோமீட்டர் தள்ளி புக் பண்ணி வச்சிருப்பாங்க, கடைசி மூணு மணி நேரம் கும்மிருட்டுல பல்ல கடிச்சிட்டு ஓட்டுவாங்க.

டர்பன்காரங்க கணக்கு வேற. நாங்க என்3 ஏறி ஹாரிஸ்மித்ல பிரிஞ்சு பெத்லஹேம் வழியா ப்ளூம்ஃபான்டைன் போய்த்தான் என்1 பிடிப்போம். அது ஒரு 630-640 கிலோமீட்டர், மொத நாளுக்கு அது போதும். மறுநாள் ப்யூஃபர்ட் வெஸ்ட் 540, மூணாம் நாள் கேப்டவுன் 460, கிட்டத்தட்ட சென்னை-மதுரை தூரம், ஆனா வழில பவனும் கெடையாது டீக்கடையும் கெடையாது. ரெண்டு ராத்திரி ரூம் வாடகையான்னு முணுமுணுப்பாங்க. வண்டில குழந்தையும் வயசானவங்களும் இருந்தா அந்த ரெண்டாவது ராத்திரிக்கு குடுக்குற ராண்டு தண்டமே இல்ல.

ஜோகன்னஸ்பர்க்காரங்க ஒரே ராத்திரின்னா கோல்ஸ்பெர்க், அது கிட்டத்தட்ட நடுப்பாதி, ஊரே ராத்தங்குறவங்கள நம்பித்தான் இருக்கு, தெருவுக்குத் தெரு கெஸ்ட் ஹவுஸ். ஆனா டிசம்பர் நடுவுல எல்லா கம்பெனியும் மூடி மொத்த ஜோபர்க்கும் கடலப் பாத்து கிளம்புற அந்த வாரத்துல அங்க போய் நின்னு ரூம் இருக்கான்னு கேட்டா சிரிப்பாங்க. அப்ப அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே கரீப் அணைகிட்ட தங்கலாம், நாட்டுலயே பெரிய அணை, அம்மாந்தண்ணி பாத்துட்டு தூங்குறதும் ஒரு சுகம்தான். ப்யூஃபர்ட் வெஸ்ட்ல எனக்குப் புடிச்சது ஊருக்குள்ள ரோட்டோரத்துல இருக்குற ரூம் இல்ல, ராத்திரி பூரா லாரி பிரேக் போடுற சத்தம் கேக்கும். ஊரு தாண்டினதும் என்1 மேலயே கரூ நேஷனல் பார்க் போர்டு வரும், உள்ள சமையலறையோட குட்டி வீடுங்க இருக்கு, சத்தமே இல்ல. சிங்கம் இருக்குற பார்க், கேம்ப் வேலிக்கு வெளிய காலாற நடக்கலாம்னு கிளம்பிடாதீங்க. ஊருக்குள்ள நேரம் இருந்தா உலகத்துலயே மொதல்ல, 1967-ல, மனுஷனுக்கு மனுஷன் இதயத்த மாத்தி வச்ச கிறிஸ்டியன் பர்னார்ட் பொறந்த ஊரு இதுதான், மியூசியம் இருக்கு.

மாட்ஜிஸ்ஃபான்டைன் பத்தி கட்டுரைல ரொம்ப உருகியிருந்தீங்க. லோகன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் 1880-கள்ல ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல உண்டாக்குன ஊரு, லார்ட் மில்னர் ஹோட்டல், அந்தக் காலத்து வெளக்குக் கம்பம், எல்லாம் அழகுதான். ஆனா கேப்டவுன் அங்கருந்து வெறும் 240 கிலோமீட்டர், வடக்க இருந்து வர்றவங்க அங்க ஒரு டீ குடிச்சிட்டு கிளம்பிடலாம். கேப்டவுன்ல இருந்து வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிச்சு கிளம்புறவங்களுக்கு வேணா மொத ராத்திரிக்கு சரியா வரும், அதுவும் கோடைல, இங்க அது டிசம்பர் ஜனவரி, வெளிச்சம் லேட்டா போறப்ப.

இந்த எடத்துல ஒண்ணு சொல்லாம போக மனசு வரல. எங்க தெரு ஆயாகிட்ட இந்தக் கட்டுரைய படிச்சுக் காட்டினேன், "ஃப்ரீ ஸ்டேட்ல ரூம் போடுறதா? எங்க காலத்துல அங்க காலே வைக்க முடியாதுடா"ன்னாங்க. நெஜம்தான். ப்ளூம்ஃபான்டைன் இருக்குற மாகாணம்தான் அது. அப்ப ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்னு பேரு, 1891-ல போட்ட சட்டப்படி இந்தியர் அங்க குடியிருக்கக் கூடாது, கடை வைக்கக் கூடாது, விவசாயம் பண்ணக் கூடாது, 1980-கள் நடுவுல தான் அந்தத் தடை போச்சு. அதுவரைக்கும் நம்ம ஆளுங்க அந்த மாகாணத்தக் கடந்து போலாம், தங்கத்தான் முடியாது. அதுக்கு மேல 1953-ல வந்த தனித்தனி வசதிச் சட்டம், ஹோட்டல், கக்கூஸ், பெஞ்சு எல்லாத்துலயும் வெள்ளைக்காரனுக்குத் தனி நமக்குத் தனி, 1990-ல தான் ரத்தாச்சு. ஆயா சொல்றாங்க, ராத்திரியே புளிசாதம் கட்டி, ஃப்ளாஸ்க்ல டீ ஊத்தி, குழந்தைங்கள பின்சீட்ல பாய் போட்டு படுக்க வச்சு, தாத்தா கண்ணக் கசக்கிக்கிட்டே ஓட்டுவாராம், நிறுத்துனா போலீஸ் வந்து என்ன ஏதுன்னு கேப்பானே. வேற வழி இல்லாம ராத்திரில ஓட்டுன ஜனங்க நாங்க. அதனாலதான் காச மிச்சம் பண்ண ராத்திரில ஓட்டுங்கன்னு படிச்சதும் எனக்குச் சுருக்குன்னுது.

சரி, ரூமுக்கு வருவோம். ஆப்புல ஸ்டார் எத்தனன்னு பாக்குறத விட ஒரு போன் போட்டு கேக்குறது மேல். கேட் எத்தன மணிக்கு பூட்டுவாங்க, மொத கேள்வி இதான். சின்ன ஊர் கெஸ்ட் ஹவுஸ்ல ராத்திரி ரிசப்ஷன்னு ஒண்ணு இருக்காது, ஓனரம்மா எட்டு மணிக்கு கேட்ட சாத்திட்டு தூங்கப் போயிடுவாங்க. எங்க பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தோட ஒம்பதரைக்குப் போய் நின்னு, போன் எடுக்க ஆள் இல்லாம, கடைசில பெட்ரோல் கராஜ்ல வண்டிக்குள்ளயே தூங்கினாங்க, காசும் திரும்பி வரல. அப்புறம் கார் உள்ள நிக்குமா ரோட்டுல நிக்குமா, பெட்டி படுக்கையோட நிக்குற வண்டிய ரோட்டுல விட்டுட்டு இந்த நாட்டுல எவனும் நிம்மதியா தூங்க மாட்டான். ஜூன் ஜூலைல, இங்க குளிர்காலத்துல, போறதா இருந்தா எலக்ட்ரிக் பிளாங்கெட் இருக்கான்னு கேளுங்க, பாலைவனம்னா சூடுன்னு நெனச்சு டர்பன்ல போடுற அதே டிஷர்ட்டோட போவாங்க, அங்க ராத்திரி மைனஸ்ல போகும், காலைல கார் கண்ணாடில ஐஸ் சுரண்டணும்.

சாப்பாடு வேற. கரூன்னாலே ஆட்டுக்கறிதான், நல்ல கறிதான், நானும் சாப்பிடுவேன். ஆனா எங்க ஸ்கூல் லீவு ஒண்ணு செப்டம்பர் கடைசி அக்டோபர் ஆரம்பம்னு புரட்டாசிலயே வந்து விழும், இங்க தமிழ் வீடுகள்ல புரட்டாசின்னா கறி மீன் கெடையாது. அந்த நேரத்துல கிளம்புறவங்க சமையலறை இருக்குற ரூமா பாருங்க, செல்ஃப் கேட்டரிங்னு போட்டிருக்கும். அரிசி, பருப்பு, ரெண்டு ஸ்பூன் ரசப்பொடி இருந்தா போதும். இல்லன்னா மூணு வேளையும் சிப்ஸும் சீஸ் டோஸ்ட்டும் தான், ரெண்டாம் நாளே குழந்தைங்க அழுவும்.

கலஹாரி பாலைவனம் பக்கம் போறவங்களுக்கு இன்னும் கறாரா சொல்லணும். ஜோகன்னஸ்பர்க்ல இருந்து என்14-ல அப்பிங்டன் 800 கிலோமீட்டர், மத்தியானத்துக்கு மேல மேக்க பாத்தே ஓட்டுறது, சூரியன் நேரா மூஞ்சில. அங்கருந்து கலகாடி நேஷனல் பார்க்கோட கேட்டும் கேம்ப்பும் இருக்குற ட்வீ ரிவீரன் இன்னொரு 250. ரெண்டையும் ஒரே நாள்ல அடிக்கலாம்னு மேப் பாத்து சொல்லுவாங்க, பார்க் கேட் பொழுதோட மூடிடும், உள்ள இருட்டுல ஓட்டவும் விடமாட்டாங்க. குருமான்ல ஒரு ராத்திரி, இல்லன்னா அப்பிங்டன்ல ஆத்தோரமா ஒரு ராத்திரி, மறுநாள் காலைல பார்க். கோடைல அப்பிங்டன் 40 டிகிரி தாண்டும், ஏசி இல்லாத ரூம் எவ்ளோ மலிவா குடுத்தாலும் வேணாம். பார்க்குக்குள்ள போயிட்டா நோசொப் கேம்ப் மேப்புல 160 கிலோமீட்டர்னு காட்டும், மண் ரோடு, நாலு மணி நேரம் பிடிக்கும், மத்தியானம் ரெண்டு மணிக்கு கேட்டுக்குள்ள நுழைஞ்சா அன்னிக்கு நோசொப் நெனப்ப விட்டுட்டு ட்வீ ரிவீரன்லயே படுத்துடுங்க.

நமீபியா வரைக்கும் போறவங்களுக்கு ஒரே ஒரு விஷயம். சோசஸ்ஃப்ளே மணல் மேடுங்கள சூரிய உதயத்துல பாக்கத்தான் எல்லாரும் போறது. அங்க போற வழில இருக்குற செஸ்ரீம் கேட்டுக்கு வெளிய தங்குனா சூரியன் உதிக்கும்போதுதான் கேட் தொறப்பாங்க, அதுக்கப்புறம் 60 கிலோமீட்டர் போணும், அதுக்குள்ள பொழுது நல்லா விடிஞ்சிடும். உள்பக்கம் தங்குறவங்கள அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே விடுவாங்க. உள்ள ரூம் வெல அதிகம், கேம்ப் எடமும் சீக்கிரம் தீந்துடும், ஆனா காச எங்கயாச்சும் கொட்டணும்னா அங்க கொட்டுங்க. மத்த எடத்துல சாதா ரூம் போதும். நமீபியால ராத்திரில ஓட்டுனா இன்சூரன்ஸ் கெடையாதுன்னு நெறைய வாடகைக் கார் காண்ட்ராக்ட்ல சின்ன எழுத்துல போட்டிருக்கும், கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அதப் படிங்க.

அடுத்த தடவ இந்த மாதிரி கட்டுரை போட்டா ஊருக்கு ஊரு தூரம் போடுற அட்டவணைக்குப் பக்கத்துலயே பொழுது எப்ப சாயுதுன்னும் போடுங்க சார். ப்யூஃபர்ட் வெஸ்ட்ல ஜூன்ல அஞ்சரை, டிசம்பர்ல ஏழரை தாண்டும்.

இப்படிக்கு,
உங்க வாசகன்,
சாட்ஸ்வொர்த், டர்பன்