மார்லோவின் கணக்கை எழுதி வைத்தவர்களுக்கு

வணக்கம்.

இந்த மடலில் நான் நன்றி சொல்லப் போகிறவர்களில் பலர் மறைந்து நானூறு ஆண்டுகள் ஆகின்றன. சிலர் நலமாக இருக்கிறார்கள். அவர்களில் இருவர் இப்போது அடுத்த அறையில் தூங்குகிறார்கள்.

கூட்டுறவு வங்கி ஒன்றில் 31 ஆண்டுகள் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன் நான். லண்டனில் மகள் வீட்டில் வந்து தங்கிய மாதங்களில் கிறிஸ்டோபர் மார்லோ என்ற ஆங்கில நாடகாசிரியனின் வாழ்க்கையைத் தமிழில் சிறு நூலாக எழுதத் தொடங்கினேன். போன வாரம் முடிந்தது. முன்னுரையில் நன்றிக்கென்று அரைப் பக்கம் ஒதுக்கினேன், போதவில்லை. ஆகவே இந்த மடல். மார்லோவை ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 29 வயதில் போனவன், என் மகளைவிட இளையவன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன் தன் கைப்பட எழுதியது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது ஒரே ஒரு கையொப்பம். 1585-ல் கான்டர்பரி ஊரில் காதரின் பென்ச்கின் என்ற பெண்மணியின் உயிலில் சாட்சியாக ‘கிறிஸ்டோஃபர் மார்லி’ என்று போட்டது. கடிதம் கிடையாது, நாட்குறிப்பு கிடையாது. ஞானஸ்நான ஏடு, சாப்பாட்டுக் கணக்கு, ஜாமீன் பத்திரம், கொட்டகை வசூல், பிண விசாரணை இவற்றை வைத்துத்தான் அவன் வாழ்க்கையைக் கோக்க வேண்டியிருக்கிறது. எல்லாம் குமாஸ்தாக்களும் கணக்குப்பிள்ளைகளும் எழுதியவை. என் தொழில்காரர்கள்! அவர்களுக்கு யாரும் நன்றி சொன்னதாக நான் படித்ததில்லை.

முதல் வணக்கம், கான்டர்பரி செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் எழுத்தருக்கு. செருப்புத் தைக்கும் ஜான் மார்லோவின் மகனுக்கு 1564 பிப்ரவரி 26 அன்று ஞானஸ்நானம் ஆனதை அவர் ஒரே வரியில் எழுதி வைத்தார். சரியாக இரண்டு மாதம் கழித்து ஸ்ட்ராட்ஃபோர்டில் கையுறை தைப்பவர் ஒருவரின் மகனுக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. அந்தப் பிள்ளையின் பெயர் ஷேக்ஸ்பியர். இரண்டு வீட்டிலும் தோல் வாடை. கான்டர்பரியில் அந்தத் தேவாலயம் 1942-ல் குண்டுவீச்சில் அழிந்துவிட்டது. கடிகாரத்தோடு கோபுரம் மட்டும் கடைத்தெருவில் நிற்கிறது. ஏடு பிழைத்தது.

அடுத்து, பேராயர் மாத்யூ பார்க்கருக்கு. மார்லோ கேம்பிரிட்ஜ் போகும்போது அவர் உயிரோடு இல்லை, ஆனால் அவர் ஏற்படுத்தி வைத்த உதவித்தொகைதான் 1580-ல் அந்தப் பையனைக் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் சேர்த்தது. வாரத்துக்கு ஒரு ஷில்லிங். உதவி பெறும் மாணவனுக்குப் பார்த்த உடனே இசைக்குறிப்பைப் பாடத் தெரிய வேண்டும், முடிந்தால் செய்யுள் கட்டவும் வர வேண்டும் என்று நிபந்தனை. பாதிரியாராகப் போகிறவனுக்குத்தான் ஆறு ஆண்டு பணம். ஆறு ஆண்டும் வாங்கிக்கொண்டு மார்லோ நாடகக் கொட்டகைக்குப் போனான். பேராயர் அவர்களே, செய்யுள் விஷயத்தில் மட்டும் உங்கள் பணம் வீண்போகவில்லை.

அந்தக் கல்லூரியில் ரொட்டிக்கும் பீருக்கும் பற்று எழுதிய சரக்கறைக் கணக்கரை நான் தனியாக வணங்க வேண்டும். மாணவன் எத்தனை வாரம் இருந்தான், எத்தனை வாரம் காணவில்லை என்பது அவர் ஏட்டில்தான் தெரிகிறது. 1584-க்குப் பிறகு நீண்ட இடைவெளிகள் வருகின்றன. திரும்பி வந்த வாரங்களில் செலவு உதவித்தொகையைத் தாண்டுகிறது. வருமானத்துக்கு மேல் செலவு செய்யும் வாடிக்கையாளரை எந்தக் கணக்கனும் ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பான். இவனுக்கு வேறு எங்கிருந்தோ பணம் வருகிறது!

எங்கிருந்து என்பதற்கு அரசியின் மந்திராலோசனைச் சபைக் குறிப்பு சாடையாகப் பதில் சொல்கிறது. 1587-ல் மார்லோவுக்கு எம்.ஏ. பட்டம் தரப் பல்கலைக்கழகம் தயங்கியது. பிரான்சின் ரைம்ஸ் நகரில் இருந்த கத்தோலிக்கக் குருமடத்துக்கு அவன் ஓடப்போகிறான் என்று பேச்சு. ஜூன் 29 அன்று சபை எழுதியதன் சாரம் இது: அவன் அரசிக்கு நல்ல சேவை செய்திருக்கிறான், தேசத்துக்கு நன்மையான காரியங்களில் அமர்த்தப்பட்டவனை, அவன் போன வேலை தெரியாதவர்கள் அவதூறு பேசுவது அரசிக்கு விருப்பமில்லை. ஒற்றனுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் மறைபொருளை நீயே வெளிப்படுத்தியவனாவாய் என்று வள்ளுவர் ஒற்றாடலில் சொல்கிறார். எலிசபெத்தின் மந்திரிகள் அவர் செய்யாதே என்றதையே செய்தார்கள். அந்தச் சபைக் குறிப்பைப் பிரதி எடுத்து வைத்த குமாஸ்தாவுக்கு நன்றி.

ரிச்சர்ட் கிச்சன், ஹம்ஃப்ரி ரோலண்ட் ஆகிய இருவரையும் மறக்கக்கூடாது. 1589 செப்டம்பரில் ஹாக் லேன் தெருவில் ஒரு வாள் சண்டை. மார்லோவோடு மோதிக்கொண்டிருந்த வில்லியம் பிராட்லியை, இடையில் வந்த கவிஞர் தாமஸ் வாட்சன் குத்திக் கொன்றார். இருவரும் நியூகேட் சிறைக்குப் போனார்கள். சுமார் இரண்டு வாரத்தில் மார்லோ வெளியே வந்தது இந்த இரண்டு பேர் ஜாமீன் நின்றதால். ரோலண்ட் விளக்குகளுக்குக் கொம்புத் தகடு செய்து பிழைத்தவர். பெரிய மனிதர்கள் யாரும் வராத இடத்தில் கொம்பு வேலைக்காரர் வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஜாமீன் கையெழுத்தின் கனம் வங்கியில் இருந்தவனுக்குத் தெரியும்.

இனி பிலிப் ஹென்ஸ்லோ. இவருக்கு நான் கடன்பட்டது அதிகம். 1587-ல் தேம்ஸின் தென்கரையில் ரோஸ் என்ற நாடகக் கொட்டகையைக் கட்டினவர். வட்டிக்குக் கொடுப்பார், அடகு பிடிப்பார். தன் சகோதரர் ஜான் இரும்பு வேலைக் கணக்கு எழுதி மிச்சம் வைத்த நோட்டை வீணாக்க மனமில்லாமல், அதையே தலைகீழாகத் திருப்பிக் கொட்டகைக் கணக்கு எழுதினார். மார்லோவின் நாடகங்களை எத்தனை நாள் ஆடினார்கள், என்ன வசூல் என்று அதில் இருக்கிறது. ‘மால்டாவின் யூதன்’ 1592 பிப்ரவரி 26 அன்று 50 ஷில்லிங் கொண்டுவந்தது. மார்லோ ஞானஸ்நானம் பெற்ற அதே தேதி! ஏட்டில் 1591 என்று இருக்கும். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஆண்டுக் கணக்கு மார்ச் 25-ல்தான் மாறும், ஹென்ஸ்லோ பிழை செய்யவில்லை. ‘டாக்டர் ஃபாஸ்டஸ்’ 1594 செப்டம்பர் 30 அன்று 3 பவுண்டு 12 ஷில்லிங். அப்போது எழுதியவன் மண்ணுக்குள் போய் பதினாறு மாதம். 1602-ல் அதே நாடகத்தில் புதிய காட்சிகள் சேர்க்க இருவருக்கு 4 பவுண்டு கொடுத்திருக்கிறார். இன்று 1604-ன் அச்சுப் பிரதி ஒரு மாதிரியும் 1616-ன் பிரதி இன்னொரு மாதிரியும் இருந்து பேராசிரியர்களுக்கு ஓயாத வேலை கொடுக்கின்றன.

அவர் குழுவின் 1598-ஆம் ஆண்டுச் சாமான் பட்டியல் இருக்கிறதே, அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. தாமிரச் சரிகை வைத்த டாம்பர்லேனின் கோட்டு. டாம்பர்லேனின் கடிவாளம் (நம் பாடப்புத்தகத் தைமூர்தான், நாடகத்தில் தோற்ற அரசர்களைத் தேரில் பூட்டி ஓட்டுவான்). யூதனுக்குக் கொப்பரை ஒன்று. ஃபாஸ்டஸுக்கு டிராகன் ஒன்று. நரக வாய் ஒன்று. நரகத்தையே ஓர் உருப்படியாக இருப்பில் காட்டியவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்தப் பட்டியலின் மூலத்தாள் தொலைந்துவிட்டது. எட்மண்ட் மலோன் 1790-ல் அச்சிட்டு வைத்ததால் நமக்குக் கிடைத்தது. அவருக்கும் நன்றி. கணக்கு நோட்டு, ஹென்ஸ்லோவின் மருமகன் முறையான நடிகர் எட்வர்ட் அலென் நிறுவிய டல்விச் கல்லூரியில் பத்திரமாக இருக்கிறது. டாம்பர்லேனாகவும் ஃபாஸ்டஸாகவும் மேடையேறியவர் இந்த அலென்தான். இயைபுத் தொடை மணி கட்டி ஆடிக்கொண்டிருந்த ஆங்கில மேடைப் பாட்டை மார்லோ உதறிவிட்டு, தொடையில்லாத நீண்ட அடியில் பேசவைத்தான். நாடகாசிரியர் பென் ஜான்சன் 1623-ல் அதைத்தான் ‘மார்லோவின் வலிய அடி’ என்றார். அப்படி ஓர் அடியை ஆயிரக்கணக்கானவர் முன்னால் மூச்சு முறியாமல் சொல்ல ஒரு தொண்டை வேண்டும். அது அலெனுடையது.

நன்றி சொல்ல முடியாதவர் ஒருவர், ரிச்சர்ட் பெய்ன்ஸ். 1592-ல் ஹாலந்துப் பக்கம் ஃப்ளஷிங் ஊரில் மார்லோ கள்ள நாணயம் அடித்ததாகக் காட்டிக்கொடுத்தார். அடுத்த ஆண்டு, அவன் கடவுளையும் வேதத்தையும் பழித்ததாக நீண்ட பட்டியல் எழுதிக் கொடுத்தார். தாமஸ் கிட் நிலைமை வேறு. ஒரே அறையில் மார்லோவோடு எழுதிய நாடகாசிரியர் அவர். 1593 மே மாதம் அவர் அறையில் சமய விரோதத் தாள்கள் கிடைத்து, வதைக்கப்பட்டு, ‘அவை மார்லோவுடையவை’ என்றார். மறு ஆண்டே இறந்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

1593 மே 20 அன்று மார்லோ மந்திராலோசனைச் சபை முன் ஆஜரானான். தினமும் வர வேண்டும் என்று உத்தரவு. பத்தாம் நாள், மே 30, டெட்ஃபோர்டில் எலினார் புல் என்ற விதவையின் வீடு. சாராயக்கடை என்று பலர் எழுதுகிறார்கள். விசாரணைப் பத்திரம் வீடு என்றுதான் சொல்கிறது. காலை பத்து மணிக்கு நான்கு பேர் கூடினார்கள். மதியச் சாப்பாடு, தோட்டத்தில் உலாத்தல், ஆறு மணிக்கு இரவுச் சாப்பாடு. மார்லோவோடு இங்கிராம் ஃப்ரைசர், நிக்கலஸ் ஸ்கியர்ஸ், ராபர்ட் போலி. (பெயர் அதுதான், நான் வைக்கவில்லை. அரசாங்க ஒற்றர்.) சாப்பாட்டுக் கணக்கைத் தீர்ப்பதில் தகராறு. கட்டிலில் படுத்திருந்த மார்லோ, எதிரே முதுகு காட்டி உட்கார்ந்திருந்த ஃப்ரைசரின் குத்துவாளை உருவித் தலையில் இரண்டு வெட்டு வெட்டினான். அதைப் பிடுங்கி ஃப்ரைசர் குத்தியது வலது கண்ணுக்கு மேல், இரண்டு அங்குல ஆழம். வாளின் மதிப்பு 12 பென்ஸ். சாட்சிகள் மற்ற இரண்டு பேர்தான். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நான் நம்பவில்லை. ஃப்ரைசருக்கு ஜூன் 28 அன்றே மன்னிப்பு கிடைத்துவிட்டது.

மரண விசாரணை அதிகாரி வில்லியம் டான்பியின் எழுத்தருக்கு என் நன்றி. பத்திரம் முழுவதும் லத்தீன். சாப்பாட்டுக் கணக்கு என்ற இடத்தில் மட்டும் அவருக்கு லத்தீன் வரவில்லையோ என்னவோ, ‘லெ ரெக்கனிங்’ என்று தெரு வார்த்தையை அப்படியே போட்டுவிட்டார். தேவாலய எழுத்தர் அடக்க ஏட்டில் கொன்றவன் பெயரை இங்கிராம் என்பதற்குப் பதிலாக ‘ஃபிரான்சிஸ்’ என்று எழுதினார். 1820-ல் அதைப் படித்துச் சொன்னவர் கையில் ஃப்ரைசரும் ‘ஆர்ச்சர்’ ஆனார். ஒரு பெயர் மாறியதால் ஒரு நூற்றாண்டுத் தேடல் தப்பான பக்கத்தில் நடந்தது. லெஸ்லி ஹாட்சன் என்ற ஆய்வாளர் லண்டன் ஆவணக் காப்பகத்தில் வேறு எதையோ தேடும்போது இங்கிராம் ஃப்ரைசர் என்ற பெயர் கண்ணில் பட, விடாமல் துரத்தி அந்த லத்தீன் பத்திரத்தையே எடுத்து 1925-ல் வெளியிட்டார். அவருக்குச் சாஷ்டாங்கமாக.

பதிப்பாளர் எட்வர்ட் ப்ளவுன்ட். மார்லோ முடிக்காமல் விட்ட ‘ஹீரோவும் லியாண்டரும்’ கவிதையை 1598-ல் அச்சிட்டவர். மூச்சற்ற உடலை மண்ணுக்குக் கொடுத்ததோடு நண்பனுக்குச் செய்ய வேண்டிய கடமை தீர்ந்துவிடவில்லை என்று அதன் முகப்பில் எழுதினார். நாத்திகன் என்ற பழியோடு இறந்தவனைப் பெயர் சொல்லி நண்பன் என்று அச்சில் எழுதத் துணிச்சல் வேண்டும்.

1989-ல் புதிய கட்டடத்துக்குத் தோண்டியபோது ரோஸ் கொட்டகையின் அடித்தளம் தெரிந்தது. அதை மூடிவிடாமல் தடுக்க வந்து நின்ற நடிகர்களுக்கும், பெயர் தெரியாத பொதுமக்களுக்கும் நன்றி. தரையில் ஹேசல் கொட்டை ஓடுகள் கிடைத்தன. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் 2002-ல் மார்லோவுக்குச் சன்னல் வைத்து, இறந்த ஆண்டான 1593-க்கு முன்னால் ஒரு கேள்விக்குறியும் போட்டார்களே, அவர்களுக்கு மட்டும் கிடையாது. பதினாறு பேர் பிணத்தைப் பார்த்து முத்திரை போட்ட தேதி அது.

இருக்கிறவர்களுக்கு வருகிறேன். பதினாறாம் நூற்றாண்டுக் கையெழுத்தைச் சனிக்கிழமைதோறும் எனக்கு எழுத்துக் கூட்டிக் கற்பித்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு; வாசிப்பறையில் பேனா கூடாது என்று சொல்லித் தன் பென்சிலைக் கொடுத்த பெண்மணிக்கு (அம்மா, அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது); வாசல் தூண்களில் மண்டையோடு செதுக்கிய டெட்ஃபோர்டு செயின்ட் நிக்கலஸ் தேவாலயத்தில், பூட்டிய கதவை இரண்டு வயோதிகர்களுக்காகத் திறந்த தொண்டருக்கு. அடையாளமில்லாத அந்த மண்ணைச் சுற்றி அவர் எங்களோடு மழையில் நடந்தார். விசா முதல் கண்ணாடிவரை பார்த்துக்கொண்ட மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் தனியாகச் சொல்கிறேன், விழித்த பிறகு.

கடைசியாக என் மனைவி. கையெழுத்துப் பிரதி முழுவதையும் பொறுமையாகப் படித்தாள். படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: “சரி, அந்த வீட்டு அம்மாவுக்குச் சாப்பாட்டுக் காசை யார் கொடுத்தார்கள்?” விசாரணைப் பத்திரத்தை மறுபடி எடுத்து வரி வரியாகப் பார்த்தேன். எலினார் புல்லுக்கு யாரும் கொடுத்ததாக அதில் இல்லை. நிலுவை என்று அந்தப் பென்சிலால் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவன்
லண்டன்