நாளைக் கேட்காதே, ஆட்களைக் கேள்

அன்பு நண்பா,

நலம். மூன்றாம் புரட்டாசிச் சனி முடிந்த கையோடு எழுதுகிறேன். விரதச் சமையலை இந்த ஆண்டு மருமகளே முழுக்கப் பார்த்துக்கொண்டாள். என் முட்டி வலிதான் விட்டபாடில்லை.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அமெரிக்காவில் தமிழர்களுக்கென்று ஒரு நாளை அறிவிக்கச் சொல்லி மனு கொண்டுபோனாய். பிரதிநிதிகள் அவை விதி இடம் தராது என்று உறுப்பினர் அலுவலகத்தில் கைவிரித்துவிட்டார்கள். மனம் நொந்து எழுதியிருந்தாய். எனக்கும் கோபம் வந்தது. அந்த விதியைத் தேடிப் படித்த பிறகு ஆறிவிட்டது.

1995க்கு முன்பு அங்கே இந்த நாள், அந்த வாரம் என்று பெயர் சூட்டும் மசோதாக்கள் குவிந்து கிடந்தன. 1985-86இல் இருந்த காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், இயற்றிய சட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இவைதானாம்! ஒவ்வொன்றுக்கும் 218 உறுப்பினர்களின் ஆதரவுக் கையெழுத்து வேண்டும் என்பது அவற்றைப் பார்த்த அவைக்குழுவின் வழக்கம். அதை வாங்க உதவியாளர்கள் அறை அறையாக அலைந்தார்கள். 1995 ஜனவரியில் அவை தன் விதியிலேயே தடை போட்டுவிட்டது. என்னைக் கேட்டால் சரியான முடிவு. எல்லாருக்கும் ஒரு நாள் என்றால் அந்த நாளுக்கு என்ன மதிப்பு? மேலவையான செனட்டில் இன்றும் யாரும் மறுக்காவிட்டால் இத்தகைய தீர்மானங்கள் நிறைவேறுகின்றன. கீழவையில்கூட நாளை நேரடியாக அறிவிக்காமல், அதன் ‘குறிக்கோள்களையும் இலட்சியங்களையும் ஆதரிக்கிறோம்’ என்று சுற்றிவளைத்து எழுதினார்கள். அந்தச் சுற்றுவழி எனக்குப் பிடிக்கவில்லை.

இங்கே தென்னாப்பிரிக்காவில், நம் நாடாளுமன்றத்தில் முன்னறிவிப்பு இல்லாமலே ஒரு தீர்மானத்தை முன்மொழியலாம். விளையாட்டு வீரருக்கு வாழ்த்து, மறைந்தவருக்கு இரங்கல் என்று பலதும் அப்படித்தான் வருகின்றன. ஒரே ஓர் உறுப்பினர் மறுத்தாலும் அங்கேயே நின்றுவிடும். பொது விடுமுறை வேறு கதை. 1994 சட்டத்தில் உள்ள பன்னிரண்டு நாட்களில் தீபாவளி இல்லை. மொரீஷியஸில் தீபாவளியும் உண்டு, தைப்பூசக் காவடியும் உண்டு. அந்த ஏக்கம் நமக்கு எப்போதும் இருப்பதுதான்.

நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக முதன்முதலில் இங்கே வந்து சேர்ந்த நாள் நவம்பர் 16. வரும் நவம்பர் 16க்கு ஓர் உறுப்பினர் மூலம் தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்று எங்கள் கோயில் குழுவில் பேசி, வரைவை என்னிடம் கொடுத்தார்கள். ‘சமூகத்தின் அரும்பங்களிப்பைப் போற்றுகிறோம்’ என்று தொடங்கியது. யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் வரி. அன்றிரவு பீரோவிலிருந்து கப்பல் பட்டியலின் நகலை எடுத்தேன். உனக்குக் காட்டியிருக்கிறேனே, என் தாத்தாவின் தாயாருடைய பதிவு. முதலில் ஓர் எண். பிறகு பிழையாக எழுதிய பெயர், வயது, வட ஆர்க்காடு, ஊர். கடைசிக் கட்டத்தில் அங்க அடையாளம்: இடது கணுக்காலில் தழும்பு. அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று சொல்ல எங்கள் வீட்டில் ஒருவரும் மிச்சமில்லை. அந்தக் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வரைவைத் திருப்பி எழுதினேன். 1860 நவம்பர் 16, சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பல், 342 பேர். 1911 வரை வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களை எண்ணிட்டுப் பதிந்த ஏடுகள். இவை அவைக் குறிப்பில் ஏற வேண்டும், ஒரு தடவையாவது உரக்கப் படிக்கப்பட வேண்டும். விடுமுறைகூடக் கேட்கவில்லை.

இப்போது உன் விஷயம். அந்த விதியின் வாசகத்தை நன்றாகப் பார். ஒரு குறிப்பிட்ட காலத்தை ஒதுக்கி, அதன் வழியாக நினைவுகூர்வதையும் கொண்டாடுவதையும்தான் அது தடுக்கிறது. நாளோ வாரமோ மாதமோ ஒதுக்காமல் ஒரு மனிதரை, ஒரு பணியைப் பாராட்டினால் அந்தத் தடை பொருந்தாது. ஆகவே மனுவிலிருந்து நாளை எடுத்துவிடு. உன் ஊரில் ஞாயிறுதோறும் தமிழ் சொல்லிக்கொடுக்கிற அந்த அம்மாளைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, எத்தனை ஆண்டுகளாக நடத்துகிறார், எத்தனை பிள்ளைகள் படித்தார்கள் என்று அவரிடமே கேட்டு எழுது. அதைக் கொண்டுபோய்க் கொடு.

வரைவை எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. எங்களுடையதை இதோடு வைத்திருக்கிறேன். கப்பலின் பெயரை நான் எழுதியிருக்கும் விதம் சரியா என்று மட்டும் பார்த்துச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்
சாட்ஸ்வொர்த், டர்பன்