அண்ணி, டிசம்பரில் எங்களுக்காக எதையும் மாற்றாதீர்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அண்ணனும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

மாடி அறைக்கு ஏசி போட விலை கேட்டிருப்பதாகவும், என் பிள்ளைகளைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போக வேன் பேசியிருப்பதாகவும் அண்ணன் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டும் வேண்டாம் அண்ணி. தொலைபேசியில் இதைச் சொன்னால், "நீ சும்மா இரு, பிள்ளைகள் வருவதே எப்போதோ ஒரு தடவை" என்று என் வாயை அடைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். எல்லாரும் படிக்கும்படி வெளியிடுவேன் என்றபோது, "ஊர்ப் பெயரை மட்டும் போடாதே" என்றீர்கள். போடவில்லை. ஒரத்தநாட்டுப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சிங்கப்பூரிலிருந்து மன்னார்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் திருவாரூருக்கும் டிசம்பரில் பெட்டி கட்டும் குடும்பங்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

சிங்கப்பூரில் பள்ளி ஆண்டு நவம்பர் பிற்பகுதியில் முடிந்து ஜனவரித் தொடக்கத்தில் மறுபடி தொடங்கிவிடும். எங்களுக்கு நீண்ட விடுமுறை என்றால் அதுதான். அண்ணனுக்கு அதே மாதம் எப்படிப்பட்ட மாதம் என்பது, அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியும். என் பிள்ளைகளுக்குத் தெரியாது. இந்த முறை அவர்களுக்குத் தெரிய வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

ஒரே வடகிழக்குப் பருவமழைதான் உங்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் பெய்கிறது. சிங்கப்பூரில் அதிகம் மழை பெய்யும் மாதமே டிசம்பர்தான். மழை வலுத்தால் இங்கே குடை எடுத்துக்கொள்கிறோம், அல்லது வீவக அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறோம். அங்கே அண்ணன் நள்ளிரவில் எழுந்து மண்வெட்டியோடு போகிறார். வடிகால் அடைத்திருக்கிறதா, எந்த வரப்பை வெட்டிவிட வேண்டும், மேல் வயல்காரர் திறந்துவிட்ட தண்ணீர் நம் வயலில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, விடியும் நேரத்தில் வந்து படுக்கிறார். பிள்ளைகள் ஏழு மணிக்கு எழுந்து, "மாமா இன்னும் தூங்குகிறாரா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கான பதிலை அவர்கள் வயலில் நின்று தெரிந்துகொள்ளட்டும் என்கிறேன்.

நீங்கள் போடும் சி.ஆர். 1009 நெல் ஏறக்குறைய 155 நாள் பயிர். ஆவணியில் விதைத்தால் மார்கழியில் பொதி கட்டி, அதாவது தண்டுக்குள்ளேயே கதிர் பருத்து, பிறகு வெளிவரும். ஒரு வருட உழைப்பு கைக்கு வருமா, பதராகப் போகுமா என்பது அந்தச் சில நாட்களில் தீர்மானமாகிவிடும். நெற்பூவைப் பற்றிப் பெரியவனிடம் சொன்னபோது அவன் நம்பவே இல்லை. அரிசிக்குப் பூ உண்டா என்று கேட்கிறான். காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் உமி இரண்டாகப் பிளந்து, ஆறு மகரந்தப் பைகள் மெல்லிய இழைகளில் வெளியே தொங்கும். ஒரு மணி நேரம் போல அப்படி இருந்துவிட்டு உமி மூடிக்கொள்ளும். உள்ளே மணி பிடிக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் கொட்டுகிற மழை மகரந்தத்தை அடித்துக்கொண்டு போய்விடும். அப்போது மருந்து அடிக்கவும் கூடாது, பயிருக்குள் இறங்கி நடக்கவும் கூடாது என்று அப்பா எங்களை வரப்பிலேயே உட்கார வைப்பார். கண்ணுக்கு நேரே ஒரு கதிரைப் பிடித்துக் காட்டுவார். அந்த வேலையை அண்ணன் என் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டும். கொடைக்கானல் ஏரி எங்கும் போகாது அண்ணி. நெல் பூக்கும் காலை நேரம் போனால் போனதுதான்.

இன்னொன்றும் எனக்கு வெகுநாளாக மனதில் இருக்கிறது. என் பிள்ளைகள் அறுவடையைப் பார்த்ததே இல்லை. ஜூன் விடுமுறையில் வந்தால் வயல் காய்ந்து கிடக்கும். ஜூன் 12இல் பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்குமா திறக்காதா என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும். டிசம்பரில் வந்தால் பச்சைப் பயிர். தை பிறக்கும்போது அவர்கள் இங்கே வகுப்பறையில் இருப்பார்கள். மாட்டுப் பொங்கலைக்கூட நீங்கள் அனுப்பும் காணொளியில்தான் பார்க்கிறார்கள். ஆகவே பெரியவனுக்கு ஒரு வயலைச் சொந்தமாகக் கொடுத்துவிடுங்கள். புது ஆற்று வாய்க்காலை ஒட்டிய அந்தச் சிறிய துண்டு போதும். இருக்கிற நாள் முழுவதும் அதற்குத் தண்ணீர் கட்டுவதும் வடிப்பதும் அண்ணனோடு அவன் வேலை. நாங்கள் கிளம்பிய பிறகு அறுவடை இயந்திரம் அந்தத் துண்டில் இறங்கும் அன்று அவனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எத்தனை மூட்டை கண்டது, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருந்ததா, இல்லை திருப்பிக் காயவைக்கச் சொன்னார்களா, எல்லாவற்றையும் அவனிடமே சொல்லுங்கள். நல்ல செய்தியாக மட்டும் சொல்ல வேண்டும் என்பதில்லை.

எலிக்குக் கிட்டி வைப்பவர் இப்போதும் வருகிறாரா? வந்தால் பெரியவனை அவரோடு அனுப்புங்கள். எலி தின்பதைவிட வெட்டிப்போடுவதுதான் அதிகம் என்பதை அவன் பார்க்க வேண்டும். மூங்கிலை வில்லாக வளைத்து நாண் கட்டி, இரை வைத்து, எலி நடக்கும் தடம் பார்த்துச் சாயங்காலம் ஊன்றிவிட்டுப் போவார். விடியற்காலையில் வந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போவார். எந்த இடத்தில் ஊன்றுவது என்பதில்தான் அவருடைய திறமை முழுவதும் இருக்கிறது. சேற்றில் பதிந்த சின்னக் கால்தடத்தையும் வரப்போரத்துப் புதுமண்ணையும் வைத்து வளையைக் கண்டுபிடித்துவிடுவார். செத்த எலியைப் பார்த்தால் பிள்ளை பயந்துவிடுவான் என்று நினைக்காதீர்கள். அவன் தட்டில் விழும் சோற்றுக்குப் பின்னால் அதுவும் இருக்கிறது.

சின்னவளுக்கு மாடும் கோலமும் போதும். பால் சொசைட்டிக்குப் போகும் முன் கறவை, கன்றை அவிழ்த்துவிடுவது, சாணி அள்ளுவது, வாசல் தெளிப்பது, பரங்கிப்பூ பறிப்பது. பரங்கிப்பூ வைக்கச் சாணி பிடிக்கும் வேலையை அவளிடமே விடுங்கள். இங்கே லிம் சூ காங்கில் இருக்கும் ஆட்டுப் பண்ணைக்குப் பள்ளியிலிருந்து அழைத்துப்போனார்கள். ஒரு மணி நேரம் பார்த்து, படம் எடுத்து, பாலைக் குடித்துவிட்டு வந்தார்கள். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். இந்தத் தீவில் ஏறக்குறைய 1 விழுக்காட்டு நிலம்தான் வேளாண்மைக்கு இருக்கிறது. சாப்பாட்டில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. வேறு எப்படித்தான் காட்ட முடியும்? ஆனால் அவளுக்கு அத்தை வீட்டில் மாடு இருக்கிறது. அவள் ஏன் பார்வையாளராக இருக்க வேண்டும்?

2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தபோது இங்கே வீட்டுக்கு வீடு அதே பேச்சு. அடுத்த மாதம் சிங்கப்பூருக்கென்று தனியாக 50,000 டன் அனுமதித்தார்கள் என்ற செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். "மாமா வயலில்தான் அரிசி இருக்கிறதே, நமக்கு ஏன் கவலை?" என்றான் பெரியவன். அவனுக்கு அப்போது நான் விளக்கம் சொன்னேன். அந்த விளக்கம் அவன் மனதில் நிற்க வேண்டுமானால், அண்ணன் ஏன் மழையைப் பார்த்துப் பார்த்துத் தூங்காமல் இருக்கிறார் என்பது முதலில் அவனுக்குப் புரிய வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இங்குள்ள மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, எல்லா இனத்தவரையும் சேர்த்துப் பார்த்தால் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. எங்கள் வீட்டிலும் பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள். ஊருக்கு வந்தால் பேசிவிடுவார்கள் என்று எல்லாரும் சொல்கிறோம். விருந்தாளியாக வந்த பிள்ளையிடம் யார் என்ன பேசுகிறார்கள்? சாப்பிட்டாயா, தூங்கினாயா, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள். அவ்வளவுதான். வேலை செய்கிற பிள்ளையிடம்தான், "அந்தக் கயிற்றை இழுத்துப் பிடி, அந்தப் பக்கம் போகாதே, சறுக்கும், மடையை மெதுவாகத் திற" என்று வாய் ஓயாமல் பேச்சு நடக்கும்.

இப்போது உங்களைப் பற்றி. போன முறை நீங்கள் ஒரு வேளைகூட எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை அண்ணி. நாட்டுக்கோழி ஒரு நாள், இறால் ஒரு நாள், மறுநாள் பணியாரம். காலையில் அடுப்படிக்குள் போனால் இரவு பத்து மணிக்குத்தான் வெளியே வந்தீர்கள். நடுவில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, களை எடுக்க வந்தவர்களுக்குக் கூலி கணக்குப் பார்த்து, அம்மாவுக்கு மாத்திரையும் கொடுத்தீர்கள். அந்தப் பண்ணையை நடத்துவதில் பாதிப் பங்கு உங்களுடையது. பயிர் பொதி கட்டும் மாதத்தில் நான்கு பேர் கூடுதலாக வந்து உட்கார்ந்து சாப்பிட்டால், அந்தப் பாரம் முழுவதும் உங்கள் தலையில்தான் விழுகிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இதைப் பேசுவதே இல்லை. "அண்ணி கைமணம் யாருக்கு வரும்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுகிறோம். ஆகவே இந்த முறை காலையில் எல்லாருக்கும் பழைய சோறும் சுண்டைவற்றலும். மதியச் சமையல் உங்களுடையது. இரவுச் சமையல் என்னுடையதும் இவருடையதும். இவர் நன்றாகச் சமைப்பார், நம்புங்கள். பாத்திரம் பிள்ளைகள் கழுவுவார்கள். பாட்டில் தண்ணீர் வாங்கிக் குவிக்க வேண்டாம். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரே போதும்.

ஏசி பணத்தை என்ன செய்வது என்று நான் சொன்னால் அண்ணன் கோபித்துக்கொள்வார், இருந்தாலும் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்ததில் மாட்டுக்கொட்டகைக் கூரை போனது. அன்று கட்டிய தார்ப்பாய்தான் இன்றைக்கும் ஒரு மூலையில் கிடக்கிறது. அதை முதலில் மாற்றுங்கள். தென்னைக்காக அண்ணன் பட்ட பாடு எனக்குத் தெரியும். விழுந்த மரங்களுக்குப் பதிலாக 2019இல் நட்ட கன்றுகளுக்கும் சின்னவளுக்கும் ஒரே வயது, இப்போதுதான் பாளை விடுகின்றன. மார்கழி இரவில் ஜன்னலைத் திறந்து வைத்தாலே போர்வை தேடுகிற ஊர் அது. அங்கே என் பிள்ளைகளுக்கு ஏசி எதற்கு?

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் பிள்ளைகள் வரப்பில் கால் வைக்கக் கூடாது. எலி இருக்கிற வயலில் பாம்பும் இருக்கும். கண்ணாடிவிரியன் வைக்கோல் நிறத்தோடு அப்படியே கலந்துவிடும். எங்கே கை விடலாம், எங்கே கூடாது, எதற்காகவும் வைக்கோல் போருக்குள் கையை நுழைக்கக் கூடாது என்பதை முதல் நாளே அண்ணன் சொல்லிவிட வேண்டும். யாரையாவது கடித்தால் கட்டுப் போடுவதும் கீறிவிடுவதும் கூடாது. நடக்க விடாமல் நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே முறிவு மருந்துதான் கொடுக்கிறார்கள். இது பிள்ளைகளுக்கு மட்டும் சொல்வதில்லை. மழை இரவில் வெறுங்காலோடு வடிகால் பார்க்கப் போகும் அண்ணனுக்கும் சேர்த்துத்தான்.

கோடாலித் தைலமும் சாக்லேட்டும் எப்போதும்போல் வரும், அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்க வேண்டுமே. அண்ணனுக்கு மட்டும் இந்த முறை சட்டைத்துணி இல்லை. தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், இரண்டு கையும் மண்வெட்டிக்குக் கிடைக்கும். முழங்கால் வரை வரும் ரப்பர் காலணியும் வாங்கப்போகிறேன். சேற்றுக்குள் அது சரிப்படாது என்று சொல்வார். வரப்பில் நடப்பதற்காவது போட்டுக்கொள்ளட்டும்.

திருச்சிக்கு யாரும் வர வேண்டாம். விமானம் இரவில் இறங்குகிறது, அண்ணன் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். நாங்களே கார் பிடித்து வந்துவிடுவோம். அண்ணனின் கால் அளவை மட்டும் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள். அவரிடம் கேட்டால் சொல்ல மாட்டார், பழைய செருப்பை ஸ்கேல் வைத்து அளந்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்
சிங்கப்பூர்